அப்பாவின் சுகர் மாத்திரை மகளின் எம்எஸ்ஸுக்கு உதவுமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன், வயது 33. வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணி கோர்க்கும் வேலையை நானும் செய்வேன். இரண்டு வருடத்துக்கு முன் வலது கண் திடீரென்று மங்கியது. அது தெளிந்து சில மாதத்தில் இடது கால் மரத்துப்போனது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார்கள். இப்போது அதற்கான மருந்தாக டைமெத்தில் ஃப்யூமரேட் சாப்பிடுகிறேன். பெங்களூரில் வேலை செய்யும் என் தம்பி எதையோ படித்துவிட்டு, "அக்கா, உன் வெள்ளையணு மேலே ஒரு என்சைம் இருக்குது. அதை அடக்கினா எம்எஸ் அடங்கும். அப்பா போடுற சுகர் மாத்திரை அதைத்தான் அடக்குது. நீயும் தினம் ஒண்ணு போடு" என்கிறான். அப்பா சாப்பிடுவது டெனெலிக்ளிப்டின். எங்கள் சின்னம்மாவோ, ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்கும் என்சைம் மாத்திரையை வாங்கி வந்து, "உள் வீக்கத்தையெல்லாம் கரைச்சிடும், இதைச் சாப்பிடு" என்கிறார். ஒருவர் என்சைமை அடக்கு என்கிறார், இன்னொருவர் என்சைமையே சாப்பிடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இன்னொன்று, பங்குனி பிறந்தாலே கால் தள்ளாடுகிறது. வெயில் முடியும்வரை ஏற்காட்டில் அத்தை வீட்டில் போய் இருக்கலாமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மாத்திரையும் வேண்டாம், சின்னம்மாவின் மாத்திரையும் வேண்டாம். ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போகலாம். காரணங்கள் கொஞ்சம் நீளமானவை.

உங்கள் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்தது வதந்தி இல்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக நடக்கும் ஒரு நல்ல ஆராய்ச்சியின் ஒரு பக்கத்தைப் படித்திருக்கிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை, அவ்வளவுதான்.

எம்எஸ் நோயில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். கிருமியைத் தாக்க வேண்டிய வெள்ளையணுக்கள், முக்கியமாக டி அணுக்கள், மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் நுழைந்து நரம்பின் மேலுறையான மயலினைத் தாக்குகின்றன. பி அணுக்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இந்த அணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதும் அடக்குவதும், "இந்தப் பக்கம் வா" என்று அழைப்பதும் பெரும்பாலும் சிறு புரதங்கள் மூலமாகத்தான். புரதத்தின் குட்டி வடிவம்தான் பெப்டைடு. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி.

உங்கள் வீட்டுத் தொழிலை வைத்தே சொல்கிறேன். கொலுசில் நடுவே ஒரு கண்ணி நசுங்கினாலும் காலில் போட்டுக்கொள்ளலாம். கொக்கி இருக்கிற முனையில் இரண்டு கண்ணியை நறுக்கிவிட்டால் கொலுசு முழுசாக இருந்தும் மாட்ட முடியாது. பெப்டைடுகளில் பலவும் இப்படித்தான். அணுவின் மேலுள்ள ஏற்பியில் போய் மாட்டுவது அவற்றின் ஒரு முனை. அந்த முனையில் ஓரிரு அமினோ அமிலம் போனால் சேதி போய்ச் சேராது, அல்லது வேறு ஏற்பிக்குப் போய்விடும். இப்படி முனையை நறுக்கும் என்சைம்கள் வெள்ளையணுவின் வெளிப்புறத் தோலிலேயே, வெளியே பார்த்தபடி, பதிந்திருக்கின்றன.

அவற்றில் உங்கள் தம்பி சொன்னது சிடி26. வெள்ளையணுக்களின் மேலுள்ள புரதங்களுக்கு உலகம் முழுக்க ஒரே வரிசை எண் கொடுக்கும் வழக்கம் 1982-இல் பாரிஸ் கூட்டத்தில் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த எண்தான் இது. ஆனால் இந்த என்சைமை 1966-லேயே வேறொரு வழியில் கண்டுபிடித்திருந்தார்கள். சர்க்கரை டாக்டர்கள் இதே பொருளை டிபிபி-4 என்பார்கள். சங்கிலியின் முனையிலிருந்து இரண்டாவது இடத்தில் புரோலின் அல்லது அலனின் இருந்தால், முதல் இரண்டையும் சேர்த்து நறுக்குவது இதன் வேலை. சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரந்து இன்சுலினைத் தூண்டும். அதன் இரண்டாவது இடத்தில் அலனின் இருப்பதால் டிபிபி-4 அதை ஓரிரு நிமிடத்தில் நறுக்கிப்போடுகிறது. நறுக்குவதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாகச் சுரக்கும். அதற்காக வந்தவைதான் கிளிப்டின் மாத்திரைகள். 2006-இல் சிட்டாகிளிப்டின் முதலில் அனுமதி பெற்றது, பிறகு வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், உங்கள் அப்பாவின் டெனெலிக்ளிப்டின். இன்று நம் ஊரில் சர்க்கரை உள்ளவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் இதில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

சரி, எம்எஸ்ஸுக்கு இது எப்படி வந்தது? சும்மா இருக்கும் டி அணுவின் மேல் சிடி26 குறைவு. தூண்டப்பட்டதும் அது ஏறுகிறது. எம்எஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் சிடி26 அதிகமுள்ள டி அணுக்கள் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டின. அப்படியானால் என்சைமை அடக்கினால் அணுவும் அடங்குமா என்று கேட்டுப் பார்த்தார்கள். இதில் ஜெர்மனியில் மக்தபூர்க் நகரத்து ஆய்வாளர்களுக்கு நிறையப் பங்கு உண்டு. சோதனைக்குழாயில் டி அணுக்களோடு டிபிபி-4 தடுப்பானைச் சேர்த்தால் அவை பெருகுவது குறைந்தது, அழற்சியை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டா கூடியது. 2001-இல் வந்த கட்டுரையில் எலிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். எலிக்கு இயல்பாக எம்எஸ் வராது. மயலின் புரதத்தை ஊசியில் ஏற்றி, அதன் உடம்பே அதன் நரம்பைத் தாக்கும்படி செய்து உண்டாக்கும் நோயை இஏஇ என்பார்கள். தடுப்பான் பெற்ற எலிகளுக்குக் கைகால் முடங்குவது குறைந்தது.

சிடி26 மட்டும் இல்லை. சிடி13 என்று இன்னொன்று, அமினோபெப்டிடேஸ்-என் என்பது அதன் வேலைப்பெயர். இது முனையிலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கும். மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவில் அதிகம். இரண்டையும் சேர்த்து அடக்கினால் ஒன்றை மட்டும் அடக்குவதைவிடப் பலன் கூடுதல் என்று அதே ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். சிடி10 என்று ஒன்று உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் சாகுபிட்ரில் அதைத்தான் தடுக்கிறது. பிபி மாத்திரைகளில் லிசினோப்ரில், எனலாப்ரில் வகைகள் அடக்கும் ஏசிஇ என்சைமும் இந்தக் குடும்பத்துக்குப் பங்காளிதான்: பத்து அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின்-1-இன் மறுமுனையில் இரண்டை நறுக்கி எட்டாக்குகிறது. 2009-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் லிசினோப்ரிலைக் கொடுத்து இஏஇ எலிகளைத் தேற்றினார்கள். உலகமே சாப்பிடும் பிபி மாத்திரை அது. அதற்குப் பிறகும் எம்எஸ் மருந்துப் பட்டியலில் அது ஏறவில்லை. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள், அவர் அடுத்து பாட்டியின் பிபி மாத்திரைக்கு வரக்கூடும்.

இனி அவர் புரட்டாத பக்கம்.

2001-இல் எலிக்குக் கொடுத்தது இன்று கடையில் விற்கும் கிளிப்டின் அல்ல. அந்தக் காலத் தடுப்பான்கள் பலவும் டிபிபி-4-ஓடு அதன் உறவுக்காரர்களான டிபி8, டிபி9 என்ற இரண்டையும் அடக்குபவை. அவை அணுவின் வெளியே இல்லை, உள்ளே இருக்கின்றன. 2005-இல் மருந்துக் கம்பெனி ஆய்வாளர்கள் மூன்றையும் பிரித்துச் சோதித்தார்கள். டிபிபி-4-ஐ மட்டும் குறிவைத்து அடக்கியபோது டி அணுவின் தூண்டல் குறையவில்லை. டிபி8, டிபி9 இரண்டையும் அடக்கியபோதுதான் குறைந்தது. கூடவே எலிகளுக்கு முடி கொட்டியது, தட்டணுக்கள் இறங்கின, சில செத்தும் போயின. நாய்களுக்குக் குடல் கெட்டது. அதனால் சர்க்கரைக்கு வரும் மாத்திரை அந்த இரண்டையும் தொடாமல் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். இதை யோசித்துப் பாருங்கள். உங்கள் தம்பி எதிர்பார்க்கும் குணம் அந்த மாத்திரையில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே பாடுபட்டிருக்கிறார்கள். தினமும் சாப்பிடும் சர்க்கரைக்காரரின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிற மாத்திரையை யார் அனுமதிப்பார்கள்?

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. என்சைமின் வெட்டும் வேலையைத் தடுத்தால் எலி தேறுகிறது என்றால், அந்த என்சைமே பிறவியில் இல்லாத எலி இன்னும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? 2007-இல் பார்த்தார்கள். சிடி26 மரபணுவை நீக்கிய எலிகளுக்கு இஏஇ மோசமாக வந்தது. காரணம், சிடி26 வெட்டுவதோடு நிற்பதில்லை. மனிதரில் அது அடினோசின் டிஅமினேஸ் என்ற வேறொரு என்சைமை அணுவின் தோலில் பிடித்து வைத்திருக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா வழியாக அணுவுக்குள் அடக்கும் சேதியையும் அனுப்புகிறது. ஆளையே எடுத்துவிட்டால் அந்த அடக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. ஆகவே "என்சைம் கெட்டது, அதை அடக்கு" என்கிற கணக்கு இங்கே செல்லாது.

மூன்றாவது, அது எதையெல்லாம் நறுக்குகிறது என்பது. சிஎக்ஸ்சிஎல்10 என்ற அழைப்புப் புரதம் அழற்சி உள்ள இடத்துக்கு டி அணுக்களைக் கூப்பிடும். எம்எஸ் உள்ளவர்களின் தண்டுவட நீரில், நோய் கிளம்பும் நேரத்தில் இது கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். டிபிபி-4 இதன் முனையை நறுக்கினால் கூப்பிடும் சக்தி போய்விடும். முனை இழந்த புரதம், முழுப் புரதத்துக்கும் இடைஞ்சலாக ஏற்பியில் போய் உட்காரும். நறுக்குவதை மாத்திரையால் தடுத்தால்? கூப்பிடும் புரதம் முழுசாக இருக்கும். 2015-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் புற்றுநோய்க் கட்டியுள்ள எலிகளுக்குச் சிட்டாகிளிப்டின் கொடுத்தபோது அதுதான் நடந்தது: டி அணுக்கள் கூடுதலாகக் கட்டிக்குள் நுழைந்தன. புற்றுநோய்க்கு அது நல்ல செய்தி. உங்கள் மூளைக்குள் டி அணுக்கள் கூடுதலாக நுழைவதை நாம் விரும்புவோமா? கிளிப்டின் சாப்பிட்டால் எம்எஸ் கூடும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. கணக்கில் கூட்டலும் கழித்தலும் சேர்ந்தே கிடக்கின்றன. தம்பி கழித்தலை மட்டும் பார்த்துவிட்டார்.

எலியில் பலித்தது மனிதரிடம் தலைகீழான கதைகள் எம்எஸ் வரலாற்றில் உண்டு. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடக்கினால் எலிகள் தேறின. லெனர்செப்ட் என்ற டிஎன்எஃப் தடுப்பானை எம்எஸ் நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனை 1999-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களுக்கு நோய் அடிக்கடி கிளம்பியது. இன்றைக்கும் மூட்டுவாதத்துக்கு அந்த வகை ஊசி போடும் முன் "வீட்டில் யாருக்காவது எம்எஸ் உண்டா" என்று டாக்டர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் சொந்தத்தில் யாருக்காவது அந்த ஊசி பேசப்பட்டால் உங்கள் நோயைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

அதற்காக, வெட்டும் என்சைமை அடக்கும் யோசனையே வீண் என்று ஆகாது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பை அரிக்கும் எம்எம்பி-9 என்றொரு என்சைம், வெள்ளையணுக்கள் வெளியே கக்குவது. முகப்பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் அதைக் கொஞ்சம் அடக்கும். கனடாவில் முதல் தாக்குதல் வந்த 142 பேருக்கு முறையாகச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், நோய் எம்எஸ்ஸாக உறுதியாவது மினோசைக்ளின் எடுத்தவர்களிடம் குறைவு. இரண்டு வருடத்தில் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும். மலிவான பழைய மாத்திரை, நேர்மையான கேள்வி, முடிவு சுமாராக வந்ததும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். தம்பிக்கு ஆர்வம் இருந்தால் படிக்கும் ஒவ்வொன்றிலும் இதை மட்டும் தேடச் சொல்லுங்கள்: இது எலியிலா, குழாயிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர், எத்தனை மாதம்? நம் நாட்டில் மருந்துச் சோதனை எதுவானாலும் 2009-இலிருந்து சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இப்போது கையில் இருக்கும் மாத்திரைக்கு வருவோம். அப்பாவின் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெனெலிக்ளிப்டின் 20 மி.கி. மட்டும் என்றால் ஒன்று. பெயருக்குப் பின்னால் எம் என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதில் மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் 500-ஓ 1000-ஓ சேர்ந்திருக்கும். நம் ஊரில் அதிகம் விற்பது இந்தக் கூட்டு மாத்திரைதான். மெட்ஃபார்மின் புதிதாகச் சாப்பிடுபவருக்கு வயிறு கலக்கும், பேதியாகும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். பி12 குறைந்தால் கால் மரக்கும், நடை தள்ளாடும், சிலருக்குப் பார்வையும் மங்கும். உங்களுக்கு ஏற்கெனவே உள்ள தொந்தரவின் நகல் மாதிரி இருக்கும். அப்புறம் கால் மரத்தால் அது எம்எஸ்ஸா, பி12-ஆ என்று நானும் உங்கள் டாக்டரும் தலையைச் சொறிய வேண்டியதுதான். அப்பாவுக்கு வருடம் ஒருமுறை பி12 பார்க்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி கிளிப்டினே என்றாலும், சர்க்கரை இல்லாதவர் ஒன்றைப் போட்டால் உடனே சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார் என்று பயமுறுத்த மாட்டேன். அது அப்படி வேலை செய்யும் மாத்திரை இல்லை. ஆனால் சிலருக்குக் கடுமையான மூட்டுவலி வரும். 2015-இல் அமெரிக்க மருந்துத் துறை இதற்காகவே எச்சரிக்கை சேர்த்தது. தோலில் பெரிய பெரிய கொப்புளம் கிளம்பும் பெம்ஃபிகாய்டு என்ற நோயும் கிளிப்டினால் அபூர்வமாக வருவதுண்டு. எம்எஸ் உள்ளவர்களுக்கு அந்தத் தோல் நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். இந்தக் குடும்பத்தில் சாக்ஸாகிளிப்டினுக்கு லிம்போசைட் (டி, பி அணுக்கள் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும் குணம் உண்டு. உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் நீங்கள் சாப்பிடும் டைமெத்தில் ஃப்யூமரேட்டும் லிம்போசைட்டைக் குறைக்கும்.

இந்த எண்ணிக்கையை நீங்களே பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பல லேப்களில் சதவீதம் மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். மொத்த வெள்ளையணுவை அந்தச் சதவீதத்தால் பெருக்குங்கள். மொத்தம் 5,000, லிம்போசைட் 20 சதவீதம் என்றால் 1,000. இது 500-க்குக் கீழே போய் ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால், மூளையில் ஜேசி வைரஸ் தலைதூக்கும் பிஎம்எல் என்ற ஆபத்து இருப்பதால் மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டர் முடிவெடுக்க வேண்டும். 800-க்கும் 500-க்கும் நடுவில் இருந்தால் அடிக்கடி பார்க்க வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ரத்தப் பரிசோதனை கட்டாயம். வீட்டில் யாரோ கொடுத்த இன்னொரு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை இறங்கியதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

நாளைக்கே உங்களுக்குச் சர்க்கரை வந்து டாக்டர் கிளிப்டின் எழுதினால் பயப்படாமல் சாப்பிடுங்கள்; எம்எஸ் அதற்குத் தடையில்லை. நோய் கிளம்பும்போது மூன்று முதல் ஐந்து நாள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றுவார்களே, அந்த நேரத்தில் சர்க்கரை ஏறுவது சகஜம். அப்பாவும் இந்தப் பேச்சைக் கேட்டுத் தன் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

சின்னம்மாவின் மாத்திரைக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு எழுதுவது பெரும்பாலும் ட்ரிப்சின், புரோமெலைன், ருட்டோசைடு மூன்றும் சேர்ந்தது. புரோமெலைன் அன்னாசியிலிருந்து எடுப்பது. முதல் இரண்டும் புரதத்தை வெட்டும் என்சைம்கள்தான், ஆனால் உங்கள் டி அணுவின் தோலில் இருப்பவற்றுக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை. இதை எம்எஸ்ஸுக்கே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் சுமார் 300 எம்எஸ் நோயாளிகளுக்கு இரண்டு வருடம், பாதிப் பேருக்கு என்சைம் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2005-இல் வந்த முடிவு: நோய் கிளம்புவதிலும் எம்ஆர்ஐயிலும் வித்தியாசமே இல்லை. முறையாகக் கேட்டு முறையாகக் கிடைத்த "இல்லை" இது. வீக்கத்துக்கு என்று நம் ஊரில் வலி மாத்திரையோடு கலந்து கொடுக்கும் செராஷியோபெப்டிடேஸைச் சேர்த்துக்கொண்டாலும் பேச்சு மாறாது. அது பிறந்த ஜப்பானிலேயே, வெறும் மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியாமல், விற்ற கம்பெனி 2011-இல் திரும்ப எடுத்துக்கொண்டது. சின்னம்மாவிடம் கோபிக்காதீர்கள். வாங்கியதை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துப் பார்க்கலாம். பட்டையை நறுக்கியிருக்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

வெயில் விஷயம். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே மயலின் தேய்ந்த நரம்பில் மின்சேதி தடுமாறும். 1890-இல் உட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், நடந்து களைத்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைப் பார்த்து எழுதினார். அவர் பெயரிலேயே அது அறியப்படுகிறது. சூடு இறங்கியதும் சரியாகிவிடும். புதிய சேதம் எதுவும் நடப்பதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் உங்கள் கால் தள்ளாடுவது பெரும்பாலும் இதுதான். பட்டறையில் பற்றவைக்கும் தீயின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணி கோர்க்கிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த வேலையைக் காலை பத்து மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் இடத்தைத் தீயிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் மாற்றுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு, ஐஸ் போட்ட தண்ணீர் குடிப்பது, இவை கேட்க அற்பமாக இருந்தாலும் நன்றாக வேலை செய்யும். குளிப்பது பச்சைத்தண்ணீரில்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் கொதிக்கும்போது அங்கே போர்வை கேட்கும். போய் இருங்கள், கால் கண்டிப்பாகத் தேறும். நோய் தேறியதாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே போய்க் கால் நன்றாக இருக்கிறதே என்று மருந்தை நிறுத்திவிட்டு, ஆடி மாதம் புதிய தாக்குதலோடு கீழே வருபவர்கள் உண்டு. இரண்டு மாதத்துக்கான மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தப் பரிசோதனைத் தேதியை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்குத் தலைசுற்றல் இருந்தால் அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் படுத்தும். பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், அதிகாலை வண்டியில் ஏறுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு முதலில் வந்தது கண். ஆரம்பத்தில் ரத்தத்தில் அக்வாபோரின்-4, மாக் என்ற இரண்டு ஆன்டிபாடிகள் பார்த்தார்களா? எம்எஸ் போலவே தோன்றும் என்எம்ஓ, மாக் நோய்கள் நம் ஊரில் குறைவில்லை. எம்எஸ்ஸுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில என்எம்ஓவைக் கெடுக்கும். பழைய ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். அந்த ரிப்போர்ட் இல்லையென்றால் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். என்சைம் பற்றிய இத்தனை பேச்சைவிட அந்த ஒரு காகிதம் உங்களுக்கு உபயோகமானது.

ஏற்காட்டில் இருக்கும்போது கவனிக்க வேண்டியது இது. சூட்டால் வரும் தள்ளாட்டம் குளிர்ந்த இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்தால் போய்விடும். புதிதாக ஒரு கண் மங்கல், இடுப்புக்குக் கீழ் மரப்பு, சிறுநீர் போவதில் தடை, இவற்றில் ஏதாவது 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மலையில் காத்திருக்க வேண்டாம், கீழே இறங்கி உங்கள் நரம்பு டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோ சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ கூட இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று ஒன்றே பழைய அறிகுறிகளையெல்லாம் கிளப்பிவிடும். ஸ்டீராய்டு ஏற்றும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்தாக வேண்டும்.